மலைப்பாதைக் காரின் சுவிட்ச் விளக்குகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

கோவை மாவட்டத்தில் நாங்கள் நடத்தும் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறைக்கு வந்த ஒரு வேலையின் பதிவு இது. காருக்குள் இருக்கும் சுவிட்சுகளுக்கும் குமிழ்களுக்கும் எல்இடி வெளிச்சம் போட்டுக்கொள்ள நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். செலவு குறைவு, வேலையும் எளிது போலத் தெரியும். ஆனால் எந்த நிறம், எவ்வளவு வெளிச்சம், எந்த வயரிலிருந்து கரன்ட் என்ற மூன்றையும் யோசிக்காமல் செய்தால் இரவில் வண்டி ஓட்டுவதே சிரமமாகிவிடும். சம்பந்தப்பட்டவர்களின் பெயரையும் வண்டியின் கம்பெனியையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

வண்டி 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஏசி பேனலில் கையால் திருகும் மூன்று குமிழ்கள்: ஃபேன் வேகம், காற்று போகும் திசை, குளிர்-சூடு. உரிமையாளருக்கு 58 வயது. வியாபார வேலையாக மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு அடிக்கடி போகிறவர். விடியும் முன்பே கிளம்பிவிடுவார்.

அந்தப் பாதை தெரிந்தவர்களுக்கு அவருடைய சிரமம் சொல்லாமலே புரியும். கல்லாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதுமே காற்று குளிர்ந்துவிடும். பர்லியாருக்கு மேலே மூடுபனி பிடித்துக்கொண்டால் முன் கண்ணாடி உள்பக்கமாக மங்கும். உடனே ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்ப வேண்டும். வளைவில் மேலிருந்து இறங்கும் பஸ்ஸின் ஹாரன் காதில் விழ ஜன்னலைக் கொஞ்சம் இறக்க வேண்டும். எல்லாவற்றையும் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், இல்லாவிட்டால் ஒரு நொடிப் பார்வையில், செய்தாக வேண்டும். அவர் வண்டியிலோ டிரைவர் கதவில் இருந்த நான்கு ஜன்னல் சுவிட்சுகளில் ஒன்றுக்கு மட்டும்தான் கம்பெனி விளக்கு. ஏசி பேனலுக்குள் இருந்த இரண்டு குட்டி பல்புகளில் ஒன்று எரியவில்லை. ஆகவே வெளிச்சம் வேண்டும் என்று அவர் கேட்டதில் பகட்டு எதுவும் இல்லை. அது நியாயமான தேவை.

அதற்காக அவர் முதலில் ஒரு கார் அலங்காரக் கடைக்குப் போயிருக்கிறார். அவர்கள் ஏசி பேனலில் நீல எல்இடி பல்புகளை மாட்டினார்கள். ஜன்னல் சுவிட்சுகளின் மேல் மூடியில் துளை போட்டு உள்ளே நீல எல்இடிகளை வைத்தார்கள். கூடவே, காலடியில் ரிமோட்டில் நிறம் மாறும் எல்இடி பட்டை (ஸ்ட்ரிப்) ஒன்றையும் ஒட்டிக் கொடுத்தார்கள். பகலில் கடை வாசலில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்திருக்கிறது.

சில வாரங்களில் மூன்று குறைகளுடன் எங்களிடம் வந்தார். இரவில் கண் கூசுகிறது. மீட்டர் வெளிச்சத்தைக் குறைத்தாலும் இந்த விளக்குகள் குறைவதில்லை. இரண்டு மூன்று நாள் வண்டியை நிறுத்தி வைத்தால் ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஜாஸ்தி வெளிச்சம் வேண்டாங்க தம்பி. கை போற எடத்துல எது என்ன சுவிட்ச்னு தெரிஞ்சாப் போதும்."

சோதனையில் பார்த்தவை

ஷட்டரை இறக்கி, பட்டறை விளக்குகளை அணைத்துவிட்டு, முதலில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். இந்த மாதிரி வேலையில் வயரைத் தொடும் முன் செய்ய வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. ஏசி பேனலின் நீல ஒளி முன் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் ஒரு பட்டையாகப் பிரதிபலித்தது. அதைவிடக் கவலை தந்தது கதவுப் பக்கம். ஜன்னல் சுவிட்சின் நீலப் புள்ளிகள் பக்கக் கண்ணாடியில் விழுந்தன, அதுவும் டிரைவர் வெளிப்புற மிரரைப் பார்க்கும் அதே கோட்டில். பின்னால் வரும் வண்டியின் விளக்கு எது, நம் சுவிட்சின் பிம்பம் எது என்று பிரித்துப் பார்க்க ஒரு கணம் தேவைப்பட்டது. மலைப்பாதையில் அந்த ஒரு கணம் பெரிய விஷயம்.

அடுத்து, மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இந்த விளக்குகளில் ஏன் வேலை செய்யவில்லை என்று பார்த்தோம். பார்க்கிங் லைட்டைப் போட்டால் ஏசி பேனலுக்கு வரும் பிளஸ் வயரில் பேட்டரி வோல்டேஜ் அப்படியே இருந்தது. டிம்மரைத் திருகினாலும் மாறவில்லை. அது சரியானதுதான். பல ஜப்பானிய வடிவமைப்புகளைப் போலவே இந்த வண்டியிலும் வெளிச்சம் குறைவது பிளஸ் பக்கத்தில் அல்ல, மைனஸ் பக்கத்தில். உள் விளக்குகளின் மைனஸ் வயர் நேரே பாடிக்குப் போகாமல் மீட்டருக்குப் போகிறது. அங்கே இருக்கும் டிரான்சிஸ்டர் அந்த மைனஸை மிக வேகமாக வெட்டி வெட்டி இணைத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறது. முதலில் வேலை செய்தவர்கள் அந்த வயரை வெட்டி, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த ஒரு ஸ்குருவில் எர்த் செய்திருந்தார்கள், அதாவது நேரே பாடியோடு இணைத்திருந்தார்கள். விளக்கு எரிந்தது. டிம்மரோடு இருந்த தொடர்பு போய்விட்டது.

ஜன்னல் சுவிட்ச் விளக்குகளுக்குக் கரன்ட் எடுத்திருந்தது ஜன்னல் மோட்டார் லைனிலிருந்து. சாவியைத் திருப்பினாலே, பகலோ இரவோ, முழு வெளிச்சத்தில் எரியும். ஒவ்வொரு எல்இடிக்கும் கரன்ட்டைக் கட்டுப்படுத்த 470 ஓம், கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று. என்ஜின் ஓடும்போது லைனில் சுமார் 14.4 வோல்ட் இருக்கும். நீல எல்இடி அதில் 3 வோல்ட் சொச்சம் எடுத்துக்கொள்ள, மீதி 11.3 வோல்ட் ரெசிஸ்டரில் விழும். கணக்குப் போட்டால் 24 மில்லி ஆம்பியர், 0.27 வாட். அதாவது கால் வாட் ரெசிஸ்டர் தன் எல்லையைத் தாண்டி, காற்றோட்டம் இல்லாத மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வேலை செய்துகொண்டிருந்தது. ரெசிஸ்டர்களின் நிறக்கோடுகள் பழுப்பேறியிருந்தன. ஒன்றை ஒட்டியிருந்த பிளாஸ்டிக் இளகி, நகம் பட்டாலே தடம் விழும் நிலையில் இருந்தது.

துளை போட்டபோது உதிர்ந்த பிளாஸ்டிக் துருவல் சுவிட்சின் உள்ளேயே கிடந்தது. இந்த வகை சுவிட்சுகளில் ஜன்னல் மோட்டாரின் முழுக் கரன்ட்டும் அந்தத் தொடுமுனைகள் வழியாகவே போகிறது. இடையில் துருவல் சிக்கினால் முனைகள் சரியாக ஒட்டாது, பொறி பறக்கும், கருகும்.

பேட்டரி விஷயம் விரைவில் தெரிந்துவிட்டது. வண்டியைப் பூட்டி, அதன் மின்னணுப் பகுதிகள் அடங்கும் வரை காத்திருந்து, பேட்டரியின் மைனஸ் முனையில் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்தால் சுமார் 150 மில்லி ஆம்பியர் காட்டியது. ஸ்ட்ரிப்பின் ரிமோட் கன்ட்ரோலரையும் அதோடு சேர்த்து மாட்டியிருந்த சார்ஜர் மாடியூலையும் கழற்றியதும் 25க்கு இறங்கியது. இரண்டையும் எப்போதும் கரன்ட் இருக்கும் லைனில் இணைத்திருக்கிறார்கள். கூடுதல் 125 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 3 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணி கொண்ட, வயதான பேட்டரிக்கு மூன்று நாள் நிறுத்தம் போதும்.

இணைப்புகள் எல்லாம் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியவை. வெயிலில் நிறுத்திய காருக்குள் டேப்பின் பசை உருகி வழிந்துவிடும். இங்கேயும் வழிந்திருந்தது. தனி பியூஸ் எதுவும் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு விளக்கே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய தேவை உண்மையானது. கண்ணாடி மங்கும் நேரத்தில் குமிழைத் தடவித் தேடுவதும் ஆபத்துதானே. ஆகவே காலடி ஸ்ட்ரிப்பை முழுவதுமாக எடுத்துவிடுவது, ஏசி பேனலையும் ஜன்னல் சுவிட்சுகளையும் புதிதாகச் செய்வது என்று முடிவானது.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மங்கிய ஒளியில் நமக்குப் பார்வை தரும் கண்ணின் கோல் செல்கள் 500 நானோமீட்டர் அருகே உள்ள நீலப்பச்சை ஒளிக்கு மிகவும் கூர்மையானவை. நீல எல்இடியின் 470 நானோமீட்டர் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக அரை மணி நேரம் ஆகும். அந்தப் பழக்கத்தை நீல ஒளி சுலபமாகக் கலைத்துவிடும். ஆரஞ்சு கலந்த மஞ்சள், அதாவது கடையில் ஆம்பர் என்று கேட்டால் தரும் 590 நானோமீட்டர் எல்இடி, அவ்வளவு தொந்தரவு தராது. பிஎம்டபிள்யூ தன் மீட்டர்களில் பல பத்தாண்டுகள் ஆரஞ்சு ஒளியையே வைத்திருந்தது. ஃபோக்ஸ்வாகன் 1990களின் பிற்பகுதியில் நீல மீட்டர்களைக் கொண்டுவந்தது, பின்னர் வெள்ளைக்கு மாறிக்கொண்டது. சுத்தமான சிவப்பையும் நாங்கள் தவிர்த்தோம். ஆயில் பிரஷர், பிரேக், பேட்டரி எச்சரிக்கைகள் சிவப்பில்தான் எரிகின்றன. சுற்றிலும் சிவப்பாக இருந்தால் அவை தனித்துத் தெரியாது.

பேச்சுவாக்கில் இன்னொரு விஷயமும் தெரியவந்தது. அவருக்கு ஆரம்ப நிலைக் கண்புரை இருப்பதாகக் கண் டாக்டர் சொல்லியிருக்கிறார். கண்புரை உள்ள கண்ணுக்குள் வெளிச்சம் சிதறும், குறைந்த அலைநீள ஒளி இன்னும் அதிகமாகச் சிதறும். அவருக்குக் கூச்சம் அவ்வளவு கடுமையாக இருந்ததற்கு இதுவும் காரணம். ஆம்பர் என்ற முடிவு இதோடு உறுதியானது.

வெளிச்சத்தின் அளவை எப்படித் தீர்மானிப்பது? டிம்மரை முழுதாக ஏற்றிவைத்துப் பார்க்கக் கூடாது, முழுதாகக் குறைத்துவைத்துத்தான் பார்க்க வேண்டும். பழைய இழை பல்புக்குப் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் கொடுத்தால் கிட்டத்தட்ட அணைந்துவிடும். எல்இடி அப்படியில்லை. பத்தில் ஒரு பங்கிலும் இருட்டில் நன்றாகவே தெரியும். அதனால் உச்ச அளவையே தாழ்வாக வைக்க வேண்டும். ஜன்னல் சுவிட்ச் பகுதிக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டோம். 2.6 மில்லி ஆம்பியர்தான் போகும். முன்பு இருந்ததில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. ஏசி பேனலில் ஒளி பிளாஸ்டிக் வழியாகச் சுற்றி வர வேண்டியிருப்பதால் 1.5 கிலோ ஓம், 8 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டர் சூடாகும் பிரச்சினையும் இதோடு தீர்ந்தது.

ஜன்னல் சுவிட்ச் மூடிகளில் இனித் துளை போடுவதில்லை என்று முடிவு செய்தோம். துளைபட்ட சுவிட்ச் தொகுப்பை எடுத்துவிட்டுப் புதியது வாங்கி மாட்டினோம். வெளிச்சத்தை உள்ளிருந்து வரவைக்காமல், கதவின் கைப்பிடி விளிம்புக்கு அடியில் இரண்டு சிறிய எல்இடிகளை மறைத்துவைத்து, மேலிருந்து சுவிட்சுகளின் மேல் விழும்படி செய்தோம். எல்இடி நேராகக் கண்ணுக்குத் தெரியாததால் பக்கக் கண்ணாடியில் பிம்பமும் இல்லை. ஒவ்வொரு சுவிட்சிலும் குறியீடு ஒளிர வேண்டும் என்று அவர் முதலில் ஆசைப்பட்டார். இருட்டில் இரண்டையும் காட்டியதும் சரி என்றுவிட்டார்.

ஸ்டீயரிங்கில் இருந்த ஆடியோ பட்டன்களுக்கும் விளக்கு கேட்டார். அதற்கு நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பட்டன்களுக்கு நடுவில் இருப்பது ஏர்பேக். அதன் வயரும் பட்டன்களின் வயரும் ஒரே சுருள் கேபிள் வழியாகத்தான் வருகின்றன. ஏர்பேக் வயரின் இணைப்பான மஞ்சள் கப்ளர் இருக்கும் இடத்தில் அலங்கார வேலைக்காகக் கை வைப்பதில்லை என்பது எங்கள் பட்டறையில் மாற்றமில்லாத விதி.

வேலை நடந்த விதம்

பேட்டரி மைனஸைக் கழற்றி, சில நிமிடங்கள் கழித்துத்தான் டேஷ்போர்டைத் தொட்டோம். வெட்டியிருந்த மைனஸ் வயரை மறுபடி சாலிடர் செய்து, சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடினோம். எல்லா எல்இடிகளின் மைனஸும் அந்த வயரிலேயே, பிளஸ் பார்க்கிங் லைட் லைனில். அதாவது ஹெட்லைட் சுவிட்சைத் திருகினால்தான் எரியும், மீட்டரோடு சேர்ந்தே கூடிக் குறையும். பார்க்கிங் லைட் லைனுக்கு ஏற்கனவே 10 ஆம்பியர் பியூஸ் உண்டு. ஆனால் நாங்கள் இழுக்கும் மெல்லிய வயரில் ஷார்ட் ஆனால் அந்த பியூஸ் போகும் முன் வயரே பற்றிக்கொள்ளக்கூடும். அதனால் கிளை தொடங்கும் இடத்திலேயே தனியாக 2 ஆம்பியர் பியூஸ் வைத்தோம்.

ஏசி பேனலில்தான் நேரம் போனது. பல்பு எல்லாத் திசையிலும் ஒளி வீசும், எல்இடியோ முன்பக்கமாக மட்டும். பல்பு இருந்த இடத்திலேயே எல்இடியை வைத்தபோது குமிழின் நடுப்பகுதி பளிச்சென்றும் ஓர எழுத்துகள் இருட்டாகவும் இருந்தன. இரண்டு எல்இடிகளை எதிரெதிராகத் திருப்பி, ஒளி கடத்தும் பிளாஸ்டிக்கின் ஓரங்களை நோக்கி வைத்து, முன்னால் பால்நிற அக்ரிலிக் துண்டு ஒன்றை ஒட்டிய பிறகுதான் சமமாகப் பரவியது.

பேனலைக் கூட்டி மாட்டி, ஷட்டரை இறக்கி விளக்கைப் போட்டோம். குளிர்-சூடு குமிழைச் சுற்றி ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி சிவப்பாகவும் அச்சிட்டிருக்கும். ஆம்பர் வெளிச்சத்தில் சிவப்புப் பாதி தெரிந்தது, நீலப் பாதி கறுத்துப்போய்விட்டது. அந்த ஒளியில் நீலமே இல்லை, அப்புறம் நீல அச்சு எதைக் காட்டும்? முதலில் கவனித்தது உடன் வந்திருந்த உரிமையாளரின் மகள். "அப்பா, கூலிங் பக்கம் எங்க போச்சு?" என்று கேட்டார். அந்த ஒரு குமிழுக்கு மட்டும் மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளை எல்இடி போட்டு, 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரால் அடக்கினோம். இப்போது நீலமும் சிவப்பும் தெரிகின்றன. மற்ற இரண்டு குமிழ்களும் ஆம்பரில் இருப்பதால் இது சற்று வேறுபட்டுத் தெரியும். உண்மையில் அது நல்லதாகவே அமைந்தது. எந்தக் குமிழ் எது என்று நிறத்தை வைத்தே கண்டுகொள்ளலாம்.

பின்பு நடந்தது

பூட்டிய வண்டியின் கரன்ட் கசிவு 25 மில்லி ஆம்பியரிலேயே நின்றது. அதே பேட்டரியோடு வண்டி தொடர்ந்து ஓடியது, ஸ்டார்ட்டிங் குறை திரும்பவில்லை. இரவில் டிம்மரைக் கடைசிக்கு முந்தைய நிலையில் வைத்து ஓட்டுவதாகவும், மிரரில் எந்தப் பிம்பமும் விழுவதில்லை என்றும் உரிமையாளர் சொன்னார். கண் கூச்சம் முழுவதும் போய்விட்டதா என்றால் இல்லை. எதிரே வரும் ஹெட்லைட்டுகள் இன்னும் கூசுகின்றன. அதற்கான வழி கண் டாக்டரிடம்தான் இருக்கிறது என்று வலியுறுத்தியிருக்கிறோம்.

வடகிழக்குப் பருவமழையில் ஒரு குறை வந்தது. கதவு விளக்குகளில் ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. ஜன்னல் கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் கதவின் உள்ளே வருவது இயல்பு. அதற்காகவே கதவின் அடியில் வடிகால் துளைகள் வைத்திருப்பார்கள். அந்த ஈரம் எல்இடியின் சாலிடர் முனையில் பச்சைக் களிம்பு பிடிக்க வைத்திருந்தது. முனைகளைச் சுத்தம் செய்து, ஈரம் புகாத பூச்சு பூசி, வயரை ஒரு வளைவாகத் தொங்கவிட்டுக் கட்டினோம். இனித் தண்ணீர் வயர் வழியே வந்தாலும் வளைவின் அடியில் சொட்டிவிடும். அதன் பிறகு அந்தக் குறையோடு அவர் வரவில்லை.

அடுத்த வேலையில் மாற்றுபவை

மூக்குக்கண்ணாடி போடுகிறீர்களா, இரவில் கூசுகிறதா, கண் சிகிச்சை எதுவும் நடக்கிறதா என்று தொடக்கத்திலேயே கேட்டு வேலைச் சீட்டில் எழுதுகிறோம். இந்த வேலையில் அது தற்செயலாகத்தான் தெரியவந்தது.

நிறத்தை முடிவு செய்யும் முன், பேனலில் என்னென்ன நிறத்தில் அச்சு இருக்கிறது என்று பார்த்து, கையில் பிடித்த எல்இடியை அதன் மேல் காட்டிச் சோதிக்கிறோம். பேனலைக் கூட்டி மாட்டிய பிறகு மறுபடி பிரிக்கும் வேலை இதனால் மிச்சமாகிறது.

கதவுக்குள் போகும் எதற்கும் ஈரம் புகாத பூச்சு முதல் நாளே. கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய் வழியாகப் பல இழை கொண்ட வயரை மட்டுமே விடுகிறோம். ஒற்றைக் கம்பி வயர் கதவைத் திறந்து மூடும்போது நாளடைவில் ஒடிந்துவிடும்.

டிம்மரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கே டிரான்சிஸ்டர் வகை டிம்மர் இருந்ததால் எல்இடிகள் அதற்குக் கட்டுப்பட்டன. இன்னும் பழைய வண்டிகளில் வெறும் திருகு ரெசிஸ்டரே டிம்மராக இருக்கும். அது பல்புகள் இழுக்கும் கரன்ட்டை நம்பித்தான் வோல்டேஜைக் குறைக்கிறது. எல்லா பல்புகளையும் எல்இடியாக மாற்றிவிட்டால் இழுக்கும் கரன்ட் மிகக் குறைந்துபோய், டிம்மரைத் திருகினாலும் வெளிச்சம் அசையாது. அப்படிப்பட்ட வண்டி வந்தால் எல்இடிகளுக்கென்று தனியாக ஒரு சிறிய டிம்மர் மாடியூலை வைத்து, அதைப் பார்க்கிங் லைட் லைனிலேயே இணைக்கிறோம்.